என் மாமனார் அடக்கிய மிஷின்

என் மாமனாரிடம் ஒரு பொருளைக் கொடுத்து "இது ஓடல" என்று சொன்னால் போதும், சோறு தண்ணி மறந்துவிடுவார். "நல்லா ஓடுது" என்று கொடுத்தால்தான் அவருக்குச் சங்கடம். காதில் வைத்துக் கேட்பார், விரலால் தட்டிப் பார்ப்பார், பிறகு "ஓடுது, ஆனா சரியா ஓடல" என்று திருப்புளியைக் கையில் எடுத்துவிடுவார். அப்படித்தான் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த என் கல்யாணக் கைக்கடிகாரத்தைப் பிரித்துத் துணியில் பரப்பினார். அன்றிலிருந்து எனக்கு அவர்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. மரியாதைக்குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. மனசுக்குள் நிறையப் பேசியிருக்கிறேன்.

தொழில் என்று பார்த்தால் அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். பகலெல்லாம் சக்கரத்தின்மேல் தண்ணீர் சொட்ட, லென்ஸின் விளிம்பை ஃப்ரேமுக்குள் உட்காரும்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மயிரிழை அதிகமாகத் தேய்த்துவிட்டால் லென்ஸ் குப்பைக்கு. இந்த வேலை செய்துவிட்டு வருகிற மனுஷன் வீட்டில் சும்மா சாய்வார் என்று பார்த்தால், வந்ததும் சட்டைக்குமேல் ஒரு காக்கிக் கோட்டை மாட்டிக்கொண்டு பழைய ரேடியோ, டேபிள் ஃபேன், டேப் ரெக்கார்டர், சாவி கொடுக்கும் அலாரம் கடிகாரம் என்று உட்கார்ந்துவிடுவார். காசுக்காக இல்லை. செத்த பொருளைக் கண்டால் அவருக்குத் தாங்காது, அவ்வளவுதான். தெருவில் அவருக்கு 'ஸ்க்ரூ மாமா' என்று பெயர். "என்னையும் ஒருநாள் பிரிச்சு ஆயில் போடுங்களேன், முட்டி வலி உயிர் போகுது" என்பார் என் மாமியார்.

சும்மா ஓட வைப்பதோடு விடுகிறவர் இல்லை அவர். பொருள் கடையிலிருந்து முதல்நாள் வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். பெயிண்ட் உரிந்திருந்தால் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடிப்பார். சுரண்டியதையும் தூக்கிப் போட மாட்டார். என் மருந்துக்கடையிலிருந்து வாங்கிப்போன காலி மாத்திரைக் குப்பிகளில் அந்தத் தூளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, புதுச் சாயம் கலக்கும்போது பக்கத்தில் வைத்து நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்.

என் மனைவிக்கு இரண்டு முறை கரு தரித்துக் கலைந்துவிட்டது. மூன்றாவது முறை தரித்தபோது, படுக்கையைவிட்டு எழுந்திருக்கவே கூடாது, நடப்பது குளியலறைக்கு மட்டும்தான் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாங்கள் இருப்பது லிஃப்ட் இல்லாத மாடி வீடு. மாமனார் வீடு தரைத்தளம். ஆனால் குளியலறையை ஒட்டிய ஒரே அறை அவருடைய பட்டறை. அதை எப்படிக் கேட்பது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோதே மனுஷன் ஒரே மத்தியானத்தில் அத்தனையையும் கொல்லைப்புறக் கொட்டகைக்கு மாற்றி, தரையைக் கழுவிவிட்டு, கட்டிலைப் போட்டுவிட்டார். முகத்தில் ஒரு சுணக்கம் இல்லை. உண்மையைச் சொன்னால், அன்றுதான் எனக்கு அவரைப் பிடித்தது. நானும் பெட்டியோடு அங்கேயே வந்து சேர்ந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பழைய பொருள் கடையிலிருந்து அந்த மிஷினை வாங்கி வந்தார். இழுத்து மூடிய ஏதோ ஆய்வுக்கூடத்தின் சாமான்களோடு வந்ததாம். சாம்பல் நிற இரும்புப் பெட்டி, மேலே கைப்பிடி, முகத்தில் ஒரு முள், பக்கத்தில் சின்ன ஸ்பீக்கர், ஒயரின் நுனியில் டார்ச் லைட் அளவில் ஒரு குழல். கண்ணுக்குத் தெரியாத கதிர்வீச்சு எங்கே இருக்கிறதோ அங்கே குழலைக் காட்டினால் டிக் டிக்கென்று சத்தம் போடும். அதிகமாக இருந்தால் சத்தம் வேகமாக வரும். கைகர் கவுண்டர்.

"நமக்கு எதுக்கு மாமா இது?" என்றேன்.

"எதுக்கோ! செத்துக் கிடக்குது மாப்ள, பாவம்."

மகளுக்குப் படுத்தே கிடந்து பைத்தியம் பிடித்துவிடும் என்று, கொட்டகையில் செய்ய வேண்டிய வேலையை அவள் கட்டிலோரம் கொண்டுவந்தார். காக்கிக் கோட்டோடு படுக்கை விளிம்பில் உட்கார்ந்து, மடியில் ஒரு தட்டை வைத்து மிஷினைப் பிரித்தார். கழற்றிய திருகுகளை ஒரு டப்பா மூடியில் போட்டு அவள் வயிற்றின்மேல் வைத்துவிடுவார். குழந்தை உதைத்தால் திருகுகள் கிலுகிலுக்கும். அப்பாவும் மகளும் சிரிப்பார்கள். வீட்டில் இப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு சாயங்காலம் பேட்டரி போட்டு ஸ்விட்சைத் தட்டினார். அறையே அதிர்கிற மாதிரி கிர்ர்ரென்று ஒரு இரைச்சல். முள் ஓடிப்போய்க் கடைசியில் முட்டிக்கொண்டது. என் மனைவி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மாமனார் முகம் ஒரு நொடி மலர்ந்து, உடனே சுருங்கிவிட்டது.

"லீக் ஆகுது" என்றார். அந்தப் பெட்டிக்குள் சில நூறு வோல்ட் ஓடுமாம். பழைய பாகங்கள் கசிந்தால் இல்லாத கதிர்வீச்சை இருக்கிறதாகச் சொல்லிப் பொய்ச் சத்தம் போடுமாம்.

அன்று தொடங்கியது போராட்டம். கெப்பாசிட்டரை மாற்றினார், இரைந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார், இரைந்தது. மகளின் ஹேர் டிரையரால் காய வைத்தார், அப்போதும் இரைந்தது. ஒருநாள் வெறுத்துப்போய் அதைக் கண்ணாடிக் கடைக்கு எடுத்துப்போனார். அங்கே நின்று நிதானமாக, சாதுவாக, டிக்... டிக்... என்றதாம். சந்தோஷமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்விட்சைப் போட்டால் மறுபடி பேயாட்டம்.

"டாக்டரப் பார்த்ததும் காய்ச்சல் ஓடிப்போற மாதிரி நடிக்குது மாப்ள. இங்க ஈரம் ஜாஸ்தி, பக்கத்துல பாத்ரூம். அதான் கசியுது." நானும் பெரிய அறிவாளி மாதிரி, மருந்து டப்பாக்களில் ஈரம் உறிஞ்சப் போடுகிற சின்னப் பொட்டலங்களைக் கடையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தேன்.

கடைசியில் அவர் கை அந்தத் திருகில் போய் நின்றது. உள்ளே வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகு. அதன் தலையில் பாதியும் சட்டத்தில் பாதியுமாக ஒரு சொட்டு சிவப்புப் பெயிண்ட். தொழிற்சாலையில் சரிபார்த்து, இனி யாரும் இதைத் தொடக்கூடாது என்று வைக்கிற முத்திரை. சிவப்பு வைத்த திருகைத் தன் ஆயுளில் தொட்டதில்லை என்று என்னிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அன்று தொட்டார். முத்திரை உடைய, ஒரு கால் சுற்றுத் திருப்பினார். இரைச்சல் படிப்படியாக அடங்கி, எப்போதாவது ஒரு டிக் என்று வந்து நின்றது.

"அடக்கிட்டேன், பாத்தீங்களா!"

என் மனைவி கைதட்டினாள். மாமியார் எல்லாருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார். காது பிழைத்ததே என்று நானும் மெச்சினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஹாலில் உட்கார்ந்திருந்தோம். மிஷின் பெட்டிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்ததால் மாமனார் ஃபோனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தார். பேசியது பழைய பொருள் கடைக்காரர்.

"என்ன சார், உயிர் வந்துச்சா?"

"ஜம்முனு ஓடுது."

"சோதிச்சுப் பாத்தீங்களா? அந்தக் காலத்து அலாரம் கடிகாரம் நெறைய வெச்சிருப்பீங்களே, நம்பர்லாம் இருட்டுல பச்சையா மின்னுமே, அதுகிட்ட காட்டுங்க. கத்தித் தீத்துடும். சைக்கிள்ல ஒட்டுற ரேடியம் இல்ல சார் அது. அசல் ரேடியம்."

"அது எங்கிட்ட இல்லையே. பூரா மங்கிப்போயிருந்துச்சுன்னு போன வருஷமே எல்லாத்தையும் சுரண்டிட்டுப் புதுசு அடிச்சுட்டேன்."

"சுரண்டினீங்களா? அந்தத் தூசி மூக்குல வாயில போனா விஷமாச்சே சார்! எங்க வெச்சு சுரண்டினீங்க?"

மாமனார் பாலிஷ் துணியைக் கீழே வைத்தார். என் மனைவி படுத்திருந்த அறையின் கதவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பட்டறை மேஜை கிடந்த அதே ஜன்னலோரத்தில்தான் இப்போது கட்டில் கிடந்தது.

ஃபோனை அணைத்தார். "மாப்ள, அது லீக் இல்ல" என்றார். "மிஷின் சரியாத்தான் இருந்திருக்கு."

இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவள். மூன்றாவதைக் காப்பாற்ற அவளைக் கொண்டுவந்து எந்த இடத்தில் படுக்க வைத்திருக்கிறோம்! அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட எழுந்தேன். அவர் குறுக்கே வந்து நின்றார்.

"எங்க தூக்கிட்டுப் போவீங்க? நான் ஊதின தூசி, இவ அம்மா பெருக்கின தூசி, எங்கெங்க போச்சோ யாருக்குத் தெரியும்? அவ குலுங்கக் கூடாது. எங்க இருக்குன்னு மொதல்ல தெரியட்டும்."

அவர் சொன்னது சரி. அதனாலேயே எனக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. "அப்ப காட்டுங்க! உங்க மிஷின எடுத்துக் காட்டுங்க!"

"அது இப்ப ஊமை" என்றார். "நான்தானே அதை ஊமையாக்குனேன்."

அறையிலிருந்து என் மனைவி கூப்பிட்டாள். "என்னங்க? என்ன சத்தம் அங்க?"

"ஒண்ணுமில்லம்மா, படு" என்றோம் இருவரும் ஒன்றாக. ஒன்றாகச் சொன்னதிலேயே அவளுக்கு ஏதோ இருக்கிறது என்று புரிந்திருக்கும்.

சாப்பாட்டு மேஜையில் பெட்டியைத் திறந்தார். திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால், இரண்டு சிவப்பும் சேரும் இடம் தெரிய வேண்டும். சுத்தம் பார்க்கிற மனுஷன், சட்டத்தில் ஒட்டியிருந்த சிவப்பைத் துடைத்து வேறு வைத்திருந்தார். கடையில் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார். நான் தலைக்குமேல் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். மாமியார் கரண்டியோடு வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மகள் அறைக்குள் போய்விட்டார்.

கரண்ட் ஓடுகிற பெட்டிக்குள் வேலை செய்யும்போது ஒரு கையை எப்போதும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வது அவர் பழக்கம். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கும் என்பார். அன்று பதற்றத்தில் இரண்டையும் உள்ளே விட்டார். படீரென்று அடித்தது. நாற்காலியோடு பின்னால் போனார். நான் பிடிக்கவில்லை. பிடிக்கத் தோன்றவும் இல்லை. எழுந்து, கையை உதறிவிட்டு, மறுபடி குனிந்தார்.

"கிடைச்சிருச்சு. நூல் அளவு சிவப்பு ஒட்டியிருக்கு."

திருப்பினார். மிஷின் கிர்ர்ரென்று அலறியது.

ஹாலில்! அறையில் இல்லை, ஹாலில்! பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். அங்கும் அலறியது. கொல்லையில் அலறியது. வாசல் கேட்டில் போய் நின்றார். அங்கும் விடாமல் அலறியது. நானும் பின்னாலேயே ஓடினேன். வீடு பூராவும் போச்சு, தெருவும் போச்சு, இனி அவளை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கேட்டில் நின்றவர் திடீரென்று என் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு வெளிச்சம். "மாப்ள! தெருவுல எப்படி ரேடியம் இருக்கும்? லீக்தான்! நான் சொன்னேன்ல, வெறும் லீக்!"

அதை நம்ப எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? ஒரு தலையாட்டில் எல்லாம் முடிந்துபோயிருக்கும். திருகை மறுபடி கால் சுற்றுத் திருப்பிவிட்டு டீ குடித்திருக்கலாம். ஆனால் அந்த இரைச்சல் என் மண்டையைப் பிளந்தது. இதைக் கிணற்றில் போட்டால்தான் நிம்மதி என்று பெட்டியை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு நடந்தேன்.

நாலு எட்டு வைத்ததும் சத்தம் தளர்ந்தது. இன்னும் கொஞ்சம் போனதும் டிக்... டிக்... என்று கண்ணாடிக் கடையில் வந்ததாக அவர் சொன்ன அதே சாதுவான சத்தம்.

நின்றேன். திரும்பி அவரை நோக்கி நடந்தேன். வேகமெடுத்தது. பின்னால் போனேன், அடங்கியது. குழலை நீட்டி அவர் நெஞ்சுக்கு நேராகக் காட்டினேன். முள் ஓடிப்போய் முட்டிக்கொண்டது.

அவர் குனிந்து தன் காக்கிக் கோட்டைப் பார்த்தார். கடைக்குப் போகும்போது வீட்டில் கழற்றிவைத்துவிட்டுப் போகிற கோட்டு. உள்பையில் கைவிட்டு மூன்று மாத்திரைக் குப்பிகளை வெளியே எடுத்தார். மூடி சரியாக மூடாத குப்பிகள். உள்ளே பழுப்பும் பச்சையுமாகத் தூள்.

"நிறம் ஒத்துப் பாக்க..." என்றார்.

இதை நெஞ்சோரம் வைத்துக்கொண்டுதான் தினமும் அவள் படுக்கையில் உட்கார்ந்து, அவள் வயிற்றின்மேல் திருகு மூடியை வைத்து எடுத்தார்.

"கீழ வைங்க அதை! அந்தக் கையால எதையும் தொடாதீங்க! வீட்டுக்குள்ள வராதீங்க!" என்று கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர், பெண் கொடுத்தவர். அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

அவர் திரும்பி நடந்தார். கொல்லைப்புறம் சுற்றிப் போய், கோட்டைக் கழற்றிக் குப்பிகளோடு இரும்பு டிரம்மில் போட்டு மூடினார். பிறகு அங்கேயே, கைகள் உடம்பில் படாமல் விலக்கிப் பிடித்துக்கொண்டு, வெயிலில் நின்றார்.

நான் மிஷினோடு அறைக்குள் போனேன். மறைத்துப் பயனில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவி அழவில்லை. "காட்டுங்க" என்று போர்வையை விலக்கினாள். தரை, சுவர், தலையணை என்று பார்த்துக்கொண்டே வந்தேன். சாதுவான சத்தம்தான். படுக்கையில் அவர் வழக்கமாக உட்காரும் விளிம்பில் மட்டும் கொஞ்சம் விரைவாக வந்தது. மாமியார் அந்த விரிப்பை அப்படியே சுருட்டி இழுத்தெடுத்தார். கடைசியாக வயிற்றுக்குமேல் பிடித்தேன்.

டிக்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு டிக். பிறகு சேர்ந்தாற்போல் இரண்டு. என் உயிர் போய்ப் போய் வந்தது. ஜன்னலுக்கு வெளியே, தள்ளி நின்றபடி, மாமனார் குரல் கொடுத்தார். "கடையில அப்படித்தான் வந்துச்சு மாப்ள. உலகத்துல எங்க போனாலும் அவ்வளவு வரும். அதுக்குக் கம்மியா வராது." சொல்லிவிட்டு அவரே கேட்டார்: "அவ்வளவுதானே வருது? அதுக்கு மேல இல்லையே?"

"இல்ல" என்றேன்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி, விவரம் தெரிந்த இருவர் வந்தார்கள். டிரம்மை எடுத்துக்கொண்டு போனார்கள். அறையைத் துடைத்தார்கள், கொட்டகையை அலசினார்கள். எங்கள் மிஷினையும் தங்கள் மிஷினோடு வைத்துச் சோதித்து, "நல்லா கரெக்டா வேலை செய்யுதே, யார் சரிபண்ணது?" என்று கேட்டார்கள். மாமனார் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அவ்வளவு தூரத்திலிருந்து பட்டதற்குத் தாய்க்கும் பிள்ளைக்கும் பயமில்லை என்றார்கள். அவரைத்தான் அடிக்கடி வந்து காட்டச் சொன்னார்கள். இடது நெஞ்சில் குப்பி இருந்த இடத்தில் தோல் சிவந்திருந்தது. நகக்கண்ணில் ஒட்டியிருந்த தூள் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதில் போய்விட்டது. அது போன பிறகும் அவர் கழுவுவதை நிறுத்தவில்லை. கொட்டகையைப் பூட்டிவிட்டார். யாராவது ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தால், வாசலிலேயே நின்று, தெரியாது என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

பெண் குழந்தை பிறந்தது. அழுகையிலேயே தெரிந்தது, நல்ல திடம். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று எல்லாரும் தூக்கினோம். தாத்தா மட்டும் நிலைப்படியைத் தாண்டவில்லை.

"வாங்கப்பா" என்றாள் என் மனைவி.

"இருக்கட்டும்மா. பாத்துட்டேனே."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அலமாரியிலிருந்து அந்த மிஷினை எடுத்து ஸ்விட்சைப் போட்டேன். அவர் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, உள்ளங்கை, புறங்கை, ஒவ்வொரு நகம் என்று எல்லாவற்றிலும் குழலைக் காட்டினேன். டிக்... டிக்... அதே சாதுவான சத்தம்.

"பாத்தீங்களா மாமா? ஒண்ணும் இல்ல."

அவர் அந்தப் பெட்டியைப் பார்த்தார். "அது நான் கை வெச்ச மிஷின் மாப்ள" என்றார். "உண்மையச் சொன்னதுக்கு அதோட வாய அடைச்சவன் நான். இப்ப ஒண்ணும் இல்லைன்னு அது சொன்னா, நான் எப்படி நம்புறது?"

மிஷினை அணைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், அவர் வேண்டாம் வேண்டாம் என்று பின்வாங்கப் பின்வாங்க, அவர் கையில் வைத்தேன். வைத்தால் விட முடியாதே, வாங்கிக்கொண்டார். ஆனால் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில்தான் வாங்கினார். உள்ளங்கைகள் இரண்டும் பிள்ளைமேல் படாமல் வெளிப்பக்கமாக விரிந்து நின்றன.

இப்போது பேத்தி தவழ்கிறாள். தவழ்ந்துவந்து அவர் காலைக் கட்டிக்கொள்கிறாள். இன்னும் அப்படித்தான் தூக்குகிறார். என் மனைவி ஒவ்வொரு முறையும் போய் அந்தக் கைகளைப் பிடித்து, உள்பக்கம் திருப்பி, குழந்தையின் முதுகில் வைத்துவிட்டு வருகிறாள். அவள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் அவை மெல்ல மறுபடி விரிந்துகொள்கின்றன.